நாயின் மூச்சுக்குழலில் புல்முள்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மேய்ச்சல் நிலங்கள் பழுப்பேறத் தொடங்கும் நாட்களில் தக்காணத்துப் புல்வெளிகளைக் கடந்து செல்வோர், தம் ஆடையில் தைத்த ஊசிகளைப் பிடுங்கியெறியாமல் வீடு சேர்வதில்லை. அவ்வூசிகளைத் தரும் செடியைத் தமிழில் ஊசிப்புல் என்றும் பன்றிப்புல் என்றும், மராத்தியில் குசளி என்றும் வழங்குவர். தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் ஹெட்டரோபோகன் கன்டார்ட்டஸ். மனிதனின் வேட்டியில் தைத்தால் அது ஒரு தொல்லை; செம்மறியாட்டின் கம்பளியிலும் தோலிலும் தைத்தால் பண நஷ்டம்; வாய் திறந்து இளைத்தோடும் நாயின் மூச்சோடு உள்ளே சென்றுவிட்டாலோ, அந்நாயை மாதக்கணக்கில் வாட்டி முடிவில் உயிரையே வாங்கக்கூடிய நோயாகிறது.

இந்நோய் பெரும்பாலும் வேறு பெயர்களில் சிகிச்சை பெறுகிறது. சளி, நிமோனியா, காசம், மார்புக் கட்டி என்று அவ்வப்போது கூறப்பட்டு, ஊசிமருந்து போடும்பொழுதெல்லாம் நாய் சற்றுத் தேறுவதும், மருந்து நின்ற சில நாட்களில் மீண்டும் காய்ச்சல் காண்பதுமாகப் பல மாதங்கள் கழிகின்றன. முதல் வாரத்திலேயே ஐயுற்று உரிய இடத்திற்கு அனுப்பியிருந்தால், ஒரே அமர்வில் இடுக்கியால் எடுத்து எறிந்திருக்கக்கூடிய பொருள் அது. ஆகவே இங்கே முதல் பொறுப்பு அறுவை வல்லுநருடையதன்று. நாயை முதலில் பார்க்கும் களப்பணியாளருடையது.

எந்தெந்தப் புற்கள்

1973ஆம் ஆண்டில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வொன்றில் நம் நாட்டுப் புல்வெளிகள் 5 பெரும் வகைகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் பரவியுள்ள சேஹிமா–டைக்காந்தியம் வகையில் ஊசிப்புல் மிக முக்கியமான இடம் பெறுகிறது. மீண்டும் மீண்டும் தீயிடப்படும் நிலத்தில் அது மற்றப் புற்களை விஞ்சி நிற்கும் இயல்புடையது. தக்காணத்து இடையர்களின் காவல் நாய்களும், முதோல் பகுதியின் வேட்டை நாய்களும் நடமாடும் நிலம் இதுவே.

ஊசிப்புல் ஒன்றுதான் குற்றவாளி என்று கருதிவிடக் கூடாது. காஷ்மீர், இமாசலப் பிரதேசம் ஆகியவற்றின் மலைச்சரிவுகளில் வளரும் காட்டு வாற்கோதுமை, கலிபோர்னியா, மத்தியதரைக் கடல் நாடுகள், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் நாய்களுக்கு இத்தீங்கினை விளைப்பதில் பெயர் பெற்றது. இந்நோயைப் பற்றிய விரிவான மருத்துவ விவரங்களும் அந்நாடுகளிலிருந்தே மிகுதியாகக் கிடைத்துள்ளன. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் கோதுமையினூடே களையாக முளைக்கும் காட்டு ஓட்ஸும், அறுவடைக் காலத்தில் உதிரும் கோதுமைக் கதிர்த் துண்டுகளுங்கூட இவ்வாறே உள்ளே செல்ல வல்லவை. ராஜஸ்தானத்து மணற்பகுதியில் பெயர்பெற்ற முட்காய்ப் புல் பெரும்பாலும் கால்விரலிடுக்கிலும் உரோமத்திலும் ஒட்டிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. உருண்டையான அக்காய் மூச்சில் நுழைவது எளிதன்று.

அமைப்பில்தான் சூழ்ச்சி

நெல்லின் நுனியில் நீண்டு நிற்கும் கூரினை உழவர்கள் மீசை என்றும் வால் என்றும் சொல்வார்கள். பார்லிக்குத் தமிழில் வாற்கோதுமை என்று பெயர் வந்ததும் இவ்வாலினால்தான். ஊசிப்புல்லின் விதையில் இந்த மீசை 5 முதல் 10 செ.மீ. வரை நீளும். விதையின் அடிப்புறம் கூரிய ஈட்டி முனைபோல் குவிந்து, அதைச் சுற்றிச் செம்பழுப்பு நிறமான விறைத்த மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முனை முன்னே செல்ல மயிர்கள் தடை செய்வதில்லை. பின்னே இழுத்தால் ஒவ்வொரு மயிரும் விரிந்து ஊன்றிக்கொள்ளும். தூண்டில் முள்ளின் எதிர்முனை எவ்வாறு மீனை விடுவதில்லையோ அவ்வாறே இதுவும்.

மீசையின் கீழ்ப்பகுதி கயிறுபோல் முறுக்குண்டது. காற்றில் ஈரம் ஏறினால் முறுக்கு அவிழும். உலர்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். இவ்வாறு சுழன்று சுழன்று விதை தன்னைத்தானே மண்ணில் திருகிப் புதைத்துக்கொள்கிறது. 1665ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி காட்டு ஓட்ஸின் மீசையைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவியொன்றை அமைத்துக் காட்டினார். 1876இல் சார்லஸ் டார்வினின் புதல்வர் பிரான்சிஸ் டார்வின், இம்முறுக்கு மீசையின் தனித்தனி உயிரணுக்களிலேயே அமைந்த பண்பு என்பதை ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். முற்றிய ஊசிப்புல் விதையொன்றை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, மீசையின் முறுக்குப் பகுதியில் ஒரு துளி நீர் விட்டால், வளைந்த நுனி கடிகார முள்போல் மெல்லச் சுற்றுவதை மாணாக்கர் கண்ணாரக் காண்பர். கோதுமை அல்லது வாற்கோதுமைக் கதிர் ஒன்றைக் காம்பு தோளை நோக்கியிருக்குமாறு சட்டைக் கையினுள் மணிக்கட்டருகே செருகி, கையைச் சிறிது நேரம் ஆட்டிக்கொண்டிருந்தால் கதிர் முழங்கையைத் தாண்டி மேலே ஏறிவிடும். வட நாட்டுச் சிறுவர்களுக்கு இது விளையாட்டு. நாயின் மூச்சுக்குழலில் நடப்பதும் இதே விளையாட்டுத்தான். அங்கே ஆடும் கை, மூச்சு.

சோதனையின்போது மாணாக்கர் எவரும் கதிரை வாயில் வைக்கலாகாது என்பதை முன்கூட்டியே கண்டிப்புடன் சொல்லிவிட வேண்டும். புற்கதிரைக் கடித்துக்கொண்டு ஓடிய குழந்தைகளின் நுரையீரலிலிருந்து அதனை அகற்ற நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன.

உள்ளே சென்றபின்

ஓடும் நாய் வாயை அகலத் திறந்து, நாவைத் தொங்கவிட்டு, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுக்கிறது. தலை புல்லின் கதிர்மட்டத்திலேயே செல்கிறது. அத்தருணத்தில் முற்றி உதிரும் நிலையிலுள்ள ஒரு துண்டு தொண்டைக்குள் புகுந்தால், குரல்வளை மூடுமுன் கீழே இறங்கிவிடக்கூடும். பெருமூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலக்கிளை பெரும்பாலும் நேராக அமைந்திருப்பதால் பொருள் அவ்வழியே போவது மிகுதி. நுரையீரலின் பின்மடல்களில், சிறப்பாக வலப்புறத்தில், புல்முள் சிக்குவது இதனால்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உள்ளே சென்றபின்னும் புல்முள் முறுக்கவிழ்ந்து திருகிக்கொண்டே போகிறது என்று சிலர் எழுதுவதுண்டு. ஈரம் பட்டவுடன் ஒருமுறை முறுக்கு அவிழ்வது இயல்பே. ஆனால் மூச்சுக்குழல் எந்நேரமும் ஈரமாகவே இருப்பதால், மீண்டும் உலர்ந்து முறுக்கிக்கொள்ள அங்கே வாய்ப்பில்லை. பயணத்தைத் தொடரச் செய்வது சுவாசத்தின் அசைவே. மூச்சு உள்வாங்கும்போது கிளைக்குழல் நீண்டு விரிகிறது, வெளிவிடும்போது குறுகுகிறது. இரு அசைவுகளில் ஒன்றினை மட்டுமே பின்சாய்ந்த மயிர்கள் அனுமதிக்கின்றன. வெளியேற்றுவதற்காக நாய் இருமும் இருமலே அதனை மேலும் உள்ளே தள்ளிவிடுகிறது.

உடல் இதனைக் கரைத்துவிடாதா என்று கேட்கலாம். இறைச்சித் துண்டானால் கரையும். புல்லின் உடல் செல்லுலோஸால் ஆனது. அதனைச் சிதைக்கும் நொதி நாயின் திசுக்களில் இல்லை. போதாக்குறைக்கு, வாயிலும் புல்லிலும் உள்ள நுண்ணுயிர்கள் அத்துண்டின் இடுக்குகளில் குடியேறிக்கொண்டு கூடவே பயணம் செய்கின்றன. ஆக்டினோமைசிஸ், நொகார்டியா போன்ற இழைவடிவ நுண்ணுயிர்களும், காற்று இல்லாமலே வாழும் நுண்ணுயிர்களும் இவ்வகைச் சீழில் காணப்படுவது வழக்கம். மருந்து இரத்தத்தின் வழியே வருகிறது. உயிரற்ற புல்லுக்குள் இரத்தம் பாய்வதில்லை. மருந்து கொடுக்கும்போது சுற்றிலுமுள்ள அழற்சி தணிவதும், நிறுத்தியதும் மீண்டும் மூள்வதும் இக்காரணம் பற்றியே.

சில சமயம் புல்முள் கிளைக்குழலின் கடைசியை அடைந்து, நுரையீரலைத் துளைத்து வெளிவருகிறது. அப்பொழுது நெஞ்சறையில் சீழ் கோத்துக்கொள்ளலாம், காற்றும் கசியலாம். அதற்கு மேலும் செல்லும் முள்ளின் பாதை உடற்கூறு அறிந்தவர்களுக்கு வியப்பூட்டக்கூடியது. நுரையீரலின் பின்மடல் உதரவிதானத்தை ஒட்டிக் கிடக்கிறது. உதரவிதானத்தின் தசைத்தூண்கள் இடுப்பு முள்ளெலும்புகளின் அடிப்புறத்தில் போய் ஒட்டுகின்றன. அத்தசையினூடே நழுவிச் சென்ற புல்முள், இடுப்பெலும்பு வரிசையின் 2ஆம் எலும்பு முதல் 4ஆம் எலும்பு வரையுள்ள பகுதியின் கீழ் வந்து தங்கிச் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் வீங்கி உடைந்து, ஆறுவதுபோல் ஆறி மீண்டும் வடியும் புண்ணுக்குக் காரணம், மாதங்களுக்கு முன் வாய்வழியே சென்ற புல்லாக இருக்கலாம் என்பதை எத்தனை பேர் நினைப்பார்கள்?

நோயை ஐயுறும் வகை

இடையர் ஒருவர் தம் நாயை அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாய்க்கு 3 வயது, நல்ல உடற்கட்டு. மூன்று வாரங்களுக்கு முன் ஒருநாள் மாலை மந்தையோடு திரும்பும்போது திடீரென்று அடக்கமாட்டாத இருமல் எடுத்தது. இரண்டு நாட்களில் தணிந்துவிட்டது. இப்பொழுது தீனி குறைந்துவிட்டது, மந்தையின் பின்னே ஓட மறுக்கிறது, மாலையில் உடம்பு சுடுகிறது, வாயில் துர்நாற்றம். இந்த வரலாற்றில் நோயின் பெயர் எழுதியே இருக்கிறது. ஆனால் முதல்நாள் இருமலை இடையர் தாமாகச் சொல்ல மாட்டார். அது தணிந்துவிட்டதால் அவர் மறந்திருப்பார். கேட்டு வாங்கவேண்டிய செய்தி அது. எந்த நிலத்தில், எந்த நாளில், புல் எந்நிலையில் இருந்தது என்பவற்றையும் கேட்க வேண்டும்.

முதல் இருமலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் இடையே வரும் இந்த அமைதிக் காலமே எல்லோரையும் ஏமாற்றுவது. சில நாட்களும் இருக்கலாம், சில மாதங்களும் இருக்கலாம். பின்னர் இருமல் மீண்டும் வருகிறது. சில நாய்களில் சளியுடன் இரத்தம் கலந்திருக்கும். சீழ் நெஞ்சறையில் கோத்துவிட்டால் நாய் முழங்கைகளை வெளிப்புறமாக விரித்து, கழுத்தை நீட்டி, படுக்க மறுத்து உட்கார்ந்தே மூச்சுவிடும். அந்நிலையில் உள்ள நாயை முரட்டுத்தனமாகக் கையாண்டாலே உயிர் போகக்கூடும்.

மூக்கினுள் சிக்கியதானால் அடையாளம் வேறு. இடைவிடாத தும்மல் திடீரெனத் தொடங்கும். நாய் முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும். ஒரு நாசியில் மட்டும் இரத்தமோ, சில நாட்கள் கழிந்தபின் சீழோ வடியும். ஒரு பக்கம் மட்டும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இரு நாசிகளிலும் இரத்தம் வந்தால் உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா நோயை முதலில் நினைக்கலாம். எனினும் அந்நோயிலும் ஒரே நாசியில் வருவதுண்டாதலால், உண்ணி இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இமயமலை அடிவாரத்து நீரோடைகளில் நீர் குடிக்கும் நாய்களின் மூக்கில் அட்டை புகுந்திருப்பதும் உண்டு.

இவற்றை எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உளது. தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதுபோல் நாய் தவிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறிவிட்டது, தாடை தொங்குகிறது என்று சொல்லி அழைத்து வந்தால், வாய்க்குள் கைவிடுமுன் வெறிநோயை நினைக்க வேண்டும். வெறிநோயின் ஊமை வகை தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே தோன்றும். எலும்பை எடுக்கப் போன கை வெறிநோய்க்கு ஆளானது பழைய கதையன்று. தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சி இல்லாத நாய், அண்மையில் கடிபட்ட நாய், நடத்தை மாறிய நாய் ஆகியவற்றைத் தனியே அடைத்து மருத்துவருக்குச் செய்தி அனுப்புவதே முறை. எச்சில் காயத்தில் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மார்பு நோய்களுள் இதனோடு குழப்பக்கூடியவை பல. டிஸ்டெம்பர் நோயில் இருமலுடன் கண்ணிலும் மூக்கிலும் இருபுறமும் நீர் வடியும். குட்டிகளிடமும் தடுப்பூசி பெறாதவற்றிடமும் மிகுதி. கூட்டமாக வளர்க்கப்படும் நாய்களில் பரவும் தொற்றிருமலில் ஒன்றுக்குப்பின் ஒன்றாகப் பல நாய்கள் இருமும். புல்முள்ளோ ஒரு நாயைத்தான் தாக்கும். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஸ்பைரோசெர்க்கா என்னும் புழு உணவுக்குழலில் கட்டிகளை உண்டாக்குகிறது. சாணவண்டுகளைத் தின்பதால் நாய்க்கு இது வருகிறது. இதில் தின்றதைக் கக்குதல் முன்னிற்கும். இப்புழுவும் முள்ளெலும்பில் மாறுதல் செய்வதுண்டு. ஆனால் அம்மாறுதல் மார்பு முள்ளெலும்புகளின் பின்வரிசையில் தோன்றும். புல்முள் விளைப்பது, மேலே கூறியபடி, இடுப்பு முள்ளெலும்புகளில். எக்ஸ்-ரே படத்தில் இவ்வொரு வேற்றுமையே வழிகாட்டிவிடும்.

எக்ஸ்-ரேயைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை பலரிடம் உண்டு. புல்முள் அதில் தெரிவதில்லை. எலும்பும் உலோகமும்போல் அடர்த்தி உடையதன்று அது. சுற்றியுள்ள சதையின் நிழலிலே மறைந்துவிடுகிறது. பின்மடலில் ஒரு பக்கம் மட்டும் மங்கலான நிழல் இருப்பதோ, நெஞ்சறையில் நீர்மட்டம் தெரிவதோ மறைமுகச் சான்றே. தொடக்க நாட்களில் படம் முற்றிலும் இயல்பாகவும் இருக்கலாம்; அதனைக் கொண்டு நோயில்லை என்று தீர்ப்புக் கூறுவது பிழை. 1971இல் முதன்முறையாக மனித நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன் முறை இன்று நாய்களுக்கும் பயன்படுகிறது. முள் சென்ற பாதையையும் தடித்த கிளைக்குழலையும் அது தெளிவாகக் காட்டும். தசையினுள் தங்கிய முள்ளைக் காண மீயொலிப் பரிசோதனை பெரிதும் உதவுகிறது: சீழின் கருமைக்கு நடுவே கதிர்வடிவான பிரகாசக் கோடுகளாக அது தென்படும். கருவி மலிவானது, வலியற்றது. மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் உள்ளது.

களப்பணியாளர் செய்யத் தக்கதும் தகாததும்

ஐயம் எழுந்தவுடன் நாயை ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். வேகமான மூச்சு ஒவ்வொன்றும் முள்ளை உள்ளே தள்ளுகிறது. மூக்கில் எண்ணெய் விடுதல், மூக்குப்பொடி தூவுதல், வாயைப் பிளந்து கஷாயம் ஊற்றுதல் முதலிய கைவைத்தியங்களைத் தடுக்க வேண்டும். மூக்கிலிட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே தனியொரு நிமோனியாவை விளைக்கும். ஸ்டீராய்டு ஊசி போடுவதைப்பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது போட்ட அன்றே இருமல் அடங்கும், நாய் தின்னத் தொடங்கும், உரியவர் மகிழ்ந்து திரும்புவார். ஆனால் மூடியின் கீழ்ச் சீழ் பெருகிக்கொண்டிருக்கும். இத்தகைய நாய்களில் நேரம் வீணாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

விரலிடுக்கிலோ உரோமத்திலோ வெளியே தெரியும் முள்ளைக் கையால் எடுப்பதில் தடையில்லை. காதினுள் சென்றதை, நாய் தலையை உதறுவதும் ஒருபுறம் சாய்ப்பதும் கொண்டு அறியலாம். ஆயினும் செவிப்பறை அருகே இருப்பதால் அதனை மருத்துவரிடமே விட வேண்டும். மயக்கமருந்து கொடுத்து உட்புகும் எந்தச் செயலும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டயம் பெற்ற உதவியாளர்கள் சிறு சிகிச்சைகளை மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் மட்டுமே செய்யலாம்.

மூச்சுக்குழல் உள்நோக்கிக் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. தம் பகுதிக்கு அண்மையிலுள்ள எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அது உள்ளதென்பதைப் புல் முற்றும் பருவத்திற்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது நலம். அனுப்பும் கடிதத்தில் முதல் இருமலின் தேதி, அது தொடங்கிய இடம், கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றும் நிறுத்தப்பட்டபின் எத்தனை நாளில் நோய் திரும்பியது என்பன இருந்தால், பார்ப்பவருக்கு அது பாதி நோயறிதலாகும்.

அகற்றும் முறை

1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் குஸ்டாவ் கிலியான் என்ற மருத்துவர், நேரான குழலொன்றை நோயாளியின் மூச்சுக்குழலில் செலுத்தி எலும்புத் துண்டினை எடுத்தார். அதற்குமுன் அத்தகைய நோயாளிகளில் பலர் இறந்தனர். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் செவாலியர் ஜாக்சன், தம் வாழ்நாளில் 2000க்கு மேற்பட்ட பொருள்களை மனிதரின் மூச்சுக்குழலிலிருந்தும் உணவுக்குழலிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவைத்தார். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா வளையக்கூடிய கண்ணாடி இழைக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாய்களுக்கு இன்று பயன்படுவன இவ்விரு வகைகளின் வழிவந்தவையே.

நாயை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, முன்னதாகச் சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுத்து, மார்பின்மேல் படுக்கவைத்து, வாய்த்திறப்பான் பொருத்திக் கருவியைச் செலுத்துவர். சீழ் மிகுந்த கிளைக்குழலே பெரும்பாலும் குற்றவிடம். சீழை உறிஞ்சி எடுத்தபின் முள் தென்படும். அடிமுனை உள்நோக்கிச் சென்றிருப்பதால் மீசை நுனிகளே முதலில் கண்ணில் படும். அவற்றில் ஒன்றை மட்டும் பற்றி இழுத்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். ஊறி நைந்த முள் இன்னும் எளிதில் ஒடியும். ஆகவே முதலைவாய் இடுக்கியை இயன்ற மட்டும் ஆழச் செலுத்தி, உடற்பகுதியோடு சேர்த்துப் பற்றி, நிதானமாக இழுக்க வேண்டும். பற்றிய பொருள் கருவியின் உட்துளை வழியே வராது. கருவி, இடுக்கி, முள் மூன்றையும் ஒருசேர வெளியே எடுப்பதே வழக்கம்.

ஒன்று கிடைத்ததும் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று முட்களை நாய் உள்ளிழுத்திருக்கலாம். மீண்டும் உட்சென்று எல்லா மடல்களின் கிளைகளையும் வரிசையாகப் பார்த்த பின்னரே நாயை எழுப்ப வேண்டும். சீழின் ஒரு பகுதியை நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, முடிவுக்கேற்ற எதிருயிர் மருந்தைச் சில வாரங்கள் தொடர்வர். ஆக்டினோமைசிஸ் காணப்பட்டால் இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். முள் வெளிவந்தபின் கொடுக்கும் இம்மருந்துதான் பயன் தருகிறது. முன்னர்ப் பயனற்றதாகத் தோன்றிய அதே மருந்தாகவும் அது இருக்கக்கூடும்.

முள் பெரிய கிளைக்குழல்களில் இருக்கும்வரை இம்முறை பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. நுரையீரலின் திசுவுக்குள் புதைந்துவிட்டால் நெஞ்சைத் திறந்து நோயுற்ற மடலை நீக்கவேண்டி வரும். இடுப்புத் தசையை அடைந்துவிட்டால் மீயொலியின் துணையுடன் வடிபாதையைத் தொடர்ந்து சென்று தேட வேண்டும். செலவும் ஆபத்தும் பலமடங்காகின்றன. ஓர் இடையருக்கு அச்செலவு இயலாத ஒன்று; எனவே அவருடைய நாயைப் பொறுத்தவரை முதல் வாரமே சிகிச்சைக்குரிய வாரம்.

புல்வெளியில் செய்ய வேண்டியது

ஊசிப்புல் இளமையில் நல்ல தீவனம். முற்றியபின் சத்தும் குறைந்து முள்ளும் மிகுகிறது. பூக்குமுன் அறுத்து உலர்த்தினால் மாடு தின்னும், ஆட்டின் தோல் கெடாது, நாய்க்கும் ஆபத்தில்லை. இதை நாய்க்காகச் செய்யுங்கள் என்று சொன்னால் கேட்பவர் குறைவு. தீவனத்திற்காக என்றால் உழவர் செவிசாய்ப்பர். வேலைநாய்கள் தங்கும் கொட்டில்களையும் பயிற்சித் திடல்களையும் சுற்றியுள்ள புல்லைக் கதிர்விடுமுன் செதுக்கிவிட வேண்டும். முற்றிய புல்லினூடே நாயை விரட்டியோட விடுதல் கூடாது. வேறு வழியில்லையெனில் முகத்தை மூடும் மெல்லிய வலையுறை பயன்படும். ஆனால் வெயிலில் நாய் தாராளமாக இளைக்க இடம் விடாத உறை வெப்பத் தாக்குதலை வருவிக்கும். மாலையில் திரும்பியதும் காது, நாசி, விரலிடுக்கு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதும், விரலிடுக்கு உரோமத்தைக் கத்தரித்து வைப்பதும் சில நிமிட வேலைதான்.

எடுக்கப்பட்ட முள்ளை வீசிவிடாமல் சிறு கண்ணாடிக் குப்பியில் உலரவைத்து, நாய் ஓடிய இடத்தையும் தேதியையும் ஒட்டுச்சீட்டில் எழுதிவைக்கலாம். அருகிலுள்ள பள்ளியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டினால், அடிமுனையின் மயிரையும் மீசையின் வளைவையும் கொண்டு அது எந்தப் புல்லுக்குரியது என்று அவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு எந்த நிலத்தில் அரிவாளை முதலில் வைப்பது என்பதை அந்தச் சீட்டைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.